சிரியஸின் துணை விண்மீனும் தோகோன் மக்களும்

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டின் பாண்டியாகரா செங்குத்துப் பாறைத்தொடரை ஒட்டி வாழும் தோகோன் மக்கள், கம்பும் சோளமும் வெங்காயமும் பயிரிடும் உழவர்கள். தொலைநோக்கி அவர்களிடம் இருந்ததில்லை. ஆயினும், இரவு வானில் ஒளி மிக்க விண்மீனான சிரியஸைக் கண்ணுக்குப் புலப்படாத துணை ஒன்று 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது என்பதும், அது மிகச் சிறியது, ஆனால் அளவிறந்த கனமுடையது என்பதும் அவர்களுடைய பழமரபில் உண்டு என்ற செய்தி முக்கால் நூற்றாண்டாக உலவி வருகிறது. வேற்றுலகத்தார் தொல்குடிகளுக்கு அறிவு புகட்டிச் சென்றனர் என வாதிடுவோர் இறுதியில் வந்து நிற்கும் இடமும் இதுவே. பிரமிடு பற்றிய கதைகளைச் சிரித்து ஒதுக்கும் கல்வியாளர்கூட இங்கே சற்றுத் தயங்குவார். இச்செய்தி முதலில் வெளிவந்தது ஓர் ஆய்விதழில் அல்லவா?

அக்கட்டுரையை 1950-இல் எழுதியவர்கள் பிரெஞ்சு மானிடவியலாளர்களான மார்செல் கிரியோலும் ஜெர்மேன் தியெதெர்லேனும். 1931 முதல் 1933 வரை டக்கார்–ஜிபூட்டி ஆய்வுப் பயணத்திற்குத் தலைமை தாங்கியவர் கிரியோல். 1946-இல் ஓகோதெம்மேலி என்னும் பார்வையிழந்த முதிய வேட்டைக்காரருடன் அவர் நாள்தோறும் நிகழ்த்திய உரையாடல் புகழ்பெற்ற நூலாயிற்று. சிரியஸ் கட்டுரையோ நான்கு தகவலாளர்களின் கூற்றை அடிப்படையாகக் கொண்டது. துணை விண்மீனின் பெயர் ‘போ தோலோ’. ‘போ’ என்பது கடுகினும் நுண்ணிய ஒரு சிறுதானியம். கருவியில்லாதோர் இதனை எங்ஙனம் அறிந்தனர் என்ற வினாவுக்குள் கட்டுரையாளர்கள் புகவில்லை. அந்த வெற்றிடத்தை 1976-இல் ராபர்ட் டெம்பிள் தம் நூலால் நிரப்பினார். தோகோன் புராணத்தின் நீர்வாழ் தெய்வங்களான நொம்மோக்கள், அவர் எழுத்தில் சிரியஸிலிருந்து இறங்கிய விருந்தினர் ஆயினர்.

வானியலின் காலவரிசை இதற்கு ஒத்துழைக்கவில்லை. சிரியஸின் தடுமாற்றத்தைக் கண்டு அதற்கு ஒரு துணை உண்டென பெசல் 1844-இல் உய்த்துணர்ந்தார். ஆல்வன் கிரஹாம் கிளார்க் 1862-இல் அதனைக் கண்டார். 1915-இல் அதன் நிறமாலை பதிவாயிற்று. பூமியளவு உருவில் சூரியனையொத்த நிறை கொண்ட இந்த வெண் குறுமீன், 1920-களில் ஐரோப்பாவில் பொதுவாசகரும் வியந்து பேசிய பொருள். தோகோன் மரபில் ஏற்றிச் சொல்லப்படுபவை அந்த அறிவின் எல்லையைத் தாண்டுவதில்லை. வியாழனுக்கு அவர்கள் கூறியதாகச் சொல்லப்படும் நிலவுகளும் நான்கே. 1610-இல் கலிலியோ கண்ட அதே நான்கு. விண்ணைக் கடந்து வந்த ஆசிரியர் இவ்வளவு சிக்கனமாகவா பாடம் நடத்தியிருப்பார்! முன்பே வந்த ஐரோப்பியர் எவரேனும் சொல்லியிருக்கலாம் என்றார் கார்ல் சாகன்.

நியாயமான விடைதான். ஆனால் அதுவும் ஒன்றைச் சரிபாராமல் ஏற்றுக்கொள்கிறது: தோகோன் மக்களிடம் இப்படியொரு மரபு உண்மையிலேயே உண்டு என்பதை. அதைச் சரிபார்த்தவர் டச்சு மானிடவியலாளர் வால்டர் வான் பேக். அவர்களிடையே பல்லாண்டுகள் களப்பணி செய்து 1991-இல் வெளியிட்ட கட்டுரையில், துணை விண்மீன் பற்றிய அறிவு பொதுமக்களிடம் காணப்படவில்லை என்று அவர் எழுதினார். கிரியோலுக்குத் தகவல் தந்தோர் வட்டத்தினரும், குறித்த விண்மீன் எது என்பதில் தம்முள் முரண்பட்டனர். ஒன்றில் மட்டும் ஒத்துப்போயினர்: சிரியஸ் பற்றித் தாங்கள் அறிந்தது கிரியோலிடமிருந்தே.

கிரியோலின் மகளும் தோகோன் மொழி ஆய்வாளருமான ஜெனவியேவ் கலாம்-கிரியோல் இதனை வன்மையாக மறுத்தார். பூசல் முற்றும் ஓய்ந்துவிடவில்லை. எனினும் கிரியோலின் களமுறையை நோக்கினால் வான் பேக்கின் பக்கமே தராசு சாய்கிறது. கள ஆய்வாளரை விசாரணை நீதிபதியோடு ஒப்பிட்டவர் கிரியோல். புறத்தே தெரியும் சடங்கின் பின்னால் மறைஞானம் ஒன்று உண்டு, விடாது கேட்பவனுக்கே அது திறக்கும் என்று நம்பியவர். மொழிபெயர்ப்பாளர் வழியே, இரவு வானைச் சுட்டி, மீண்டும் மீண்டும் கேட்கும் மதிப்பிற்குரிய விருந்தினரிடம் “அப்படி ஒன்றும் இல்லை” என்று யார் சொல்வார்? இதில் பொய்யரும் இல்லை, ஏமாந்தவரும் இல்லை. கேள்வியும் மரியாதையும் கூடி ஒரு விடையைச் சமைத்துவிட்டன. முனைவர்ப் பட்டத்திற்காக ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊர்களுக்குள் செல்லும் ஒவ்வொரு மாணவருக்கும் இந்த இடர் உண்டு. விண்கலத்தைத் தேடுவோரின் கண்ணில் படாததும் இதுவே.

இதற்கிடையே, தோகோன் மக்களின் ஐயத்திற்கிடமற்ற காலக்கணக்கு ஒன்று போதிய கவனம் பெறாமற் போயிற்று. ‘சிகுய்’ என்னும் பெருவிழா 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடங்கி, ஆண்டுதோறும் ஊர் ஊராக நகர்ந்து செல்லும். ஒவ்வொரு சிகுய்க்கும் புதிதாகப் பெருமுகமூடி ஒன்று செதுக்கப்படும். மனித குலத்தில் முதல் மரணத்தை நினைவுகூரும் விழா அது. (சிரியஸின் துணை சுற்றிவருவதோ 50 ஆண்டு, இவ்விரு எண்களையும் பொருத்திக் காட்ட 1950-ஆம் ஆண்டுக் கட்டுரை பட்ட பாடு தனி.) கடந்த சிகுய் 1967-இல் தொடங்கியது, ழான் ரூஷும் தியெதெர்லேனும் அதனைப் படமாக்கினர். அடுத்தது 2027-இல் தொடங்க வேண்டும். 2012 முதல் மாலியை உலுக்கிவரும் ஆயுத மோதல் பாண்டியாகரா ஊர்களையும் எரித்திருக்கிறது. அந்த விழா எவ்வூரில் தொடங்கும், புதிய முகமூடியைச் செதுக்க யார் எஞ்சியிருப்பர் என்பது தோகோன் முதியோர் முன் இன்று நிற்கும் வினா.