ஒற்றை மனிதரின் 32 ஆண்டு ரிப்பேர் வேலை!

விம் என்றதும் நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் சோப்புதான் ஞாபகம் வரும். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுபவர்களுக்கு அது வேறு. எழுதவும் திருத்தவும் உதவும் ஓர் இலவச சாஃப்ட்வேர். மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே எல்லா வேலையையும் முடித்துவிடலாம். முதன்முறை திறப்பவர்கள் அதை மூடி வெளியே வரத் தெரியாமல் முழிப்பது, ஐ.டி. உலகில் இன்றும் ஓயாத ஜோக்.

அந்த விம்மைத் திறந்ததும் காலித் திரையின் நடுவே சாஃப்ட்வேரின் பெயர், வெர்ஷன் நம்பர், செய்தவர் பெயர் எல்லாம் வரும். கூடவே, உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி. புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேருக்கும் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம்?

பிராம் மோலெனார், நெதர்லாந்துக்காரர். 1988-ல் அமிகா என்ற கம்ப்யூட்டரை வைத்திருந்தார். யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் அவர் பழகியிருந்த ‘வீஐ’ என்ற எடிட்டர் அமிகாவில் இல்லை. அதே சாயலில் வேறொருவர் செய்திருந்த ‘ஸ்டீவி’ கிடைத்தது. அதில் ஏகப்பட்ட குறைகள். சரி, நாமே சரிபண்ணிக்கொள்வோம் என்று உட்கார்ந்தார். கம்பெனி, முதலீடு, திட்டம் எதுவும் கிடையாது. தன் கைக்குத் தோதாக ஒன்று வேண்டும், அவ்வளவுதான். 1991-ல், இலவச சாஃப்ட்வேர்களைத் தொகுத்து அனுப்பும் ஃப்ளாப்பி டிஸ்க் ஒன்றில் ஏறி அது வெளியுலகத்துக்கு வந்தது.

1994-ல் உகாண்டாவின் தென்பகுதியில் இருக்கும் கிபாலே என்ற ஊருக்குத் தன்னார்வலராகப் போனார் மோலெனார். ஓராண்டு தண்ணீர், சுகாதார வேலை. எய்ட்ஸ் தாக்கிய பகுதி அது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள். ஊர் திரும்பியவர், அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் பணம் திரட்ட ஓர் அமைப்பைத் தொடங்கினார். விம்முக்கு விலை வைக்கவில்லை. ‘பிடித்திருந்தால் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்’ என்பதுதான் அவர் வைத்த கோரிக்கை. 2006-ல் கூகுளில் வேலைக்குச் சேர்ந்ததும், விம்மை வளர்ப்பதற்காக ரசிகர்கள் தந்த பணத்தையும் அந்தப் பக்கமே திருப்பிவிட்டார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. அவர் வெளியிட்ட அப்டேட்கள்!

புது வெர்ஷன் வந்தால் ஊரெல்லாம் செய்தி. ஆனால், இரண்டு வெர்ஷன்களுக்கு நடுவே நடப்பது வீட்டில் ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது போன்ற வேலை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நம்பர் போடுவார். பிரச்னை என்ன என்று ஓரிரு வரி, தீர்வு என்ன என்று ஓரிரு வரி. பெருமை பீற்றல் கிடையாது. 2019 டிசம்பரில் வந்த 8.2 வெர்ஷனுக்கும் 2022 ஜூனில் வந்த 9.0-வுக்கும் இடையில் மட்டும் இப்படி 5,000-க்கும் மேற்பட்ட திருத்தங்கள். கணக்குப் போட்டால் நாளுக்கு ஐந்துக்கும் மேல். எங்கிருந்தோ யாரோ அனுப்பிய குறையாக இருக்கும், யாரோ எழுதித் தந்த தீர்வாகவும் இருக்கும். ஆனால், கடைசியில் பார்த்துச் சேர்ப்பது அவர் கைதான்.

அந்த ஒற்றைக் கைதான் சிக்கலும்கூட. எல்லாம் ஒருவர் வழியாகவே போனால் வேகம் எப்படி வரும் என்று பலர் சலித்துக்கொண்டார்கள். 2014-ல் சிலர் விம்மின் நகலை எடுத்துக்கொண்டு ‘நியோவிம்’ என்று தனிக்குடித்தனமே போய்விட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. பின்னணியில் வேறு வேலைகளை ஓடவிடும் வசதி விம்முக்கு 2016-ல்தான் வந்தது. போட்டி வந்த பிறகு. மோலெனாரின் பிடிவாதத்தை மேதைத்தனம் என்று பூசி மெழுக வேண்டியதில்லை. அதே பிடிவாதம்தான் சலிக்காமல் தினமும் வாஷர் மாற்றவும் வைத்தது.

விம்மின் ஆரம்ப நாள்களிலிருந்து உழைத்த ஸ்வென் குக்கெஸ் 2022-ல் காலமானார். அந்த ஆண்டு வந்த 9.0 வெர்ஷனை அவருடைய நினைவுக்கு அர்ப்பணித்தார் மோலெனார். அடுத்த ஆண்டே, 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி, அவரும் இறந்துபோனார். சில வாரங்களில் உடல்நிலை வேகமாக மோசமாகிவிட்டதாகக் குடும்பத்தினர் அறிவித்தார்கள். உலகமெங்கும் விம்மை நம்பி வேலை பார்ப்பவர்களுக்கு அன்று துக்கத்தோடு ஒரு பயமும் இருந்தது: இனி இதை யார் பார்ப்பார்கள்?

கிறிஸ்டியன் பிராபாண்ட் என்பவர் பொறுப்பை ஏற்றார். ஏற்கெனவே பல ஆண்டுகள் விம்முக்கு உழைத்தவர். இப்போது அவர் தனியாள் இல்லை. திருத்தங்களைச் சேர்க்கும் அனுமதி இன்னும் சிலரிடமும் இருக்கிறது. 2024 ஜனவரி 2-ல் 9.1 வெளிவந்தது. அந்த வெர்ஷன் மோலெனாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கடுத்த திருத்தங்களும் நம்பர் போட்டுத்தான் வருகின்றன. முதலில் பிரச்னை, அடுத்து தீர்வு.