கடைவீதி வழியாக ஒரு மலைப் பாதை

டமாஸ்கஸ் என்றதும் உங்களுக்கு ஸிரியா தேசத்துத் தலைநகரம்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப் போவது வேறு டமாஸ்கஸ். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மலை மடியில், ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர் அது. ஆனாலும் கால்நடையாக ஊர் சுற்றுகிறவர்களிடையே அதன் பெயர் வெகு பிரசித்தம்!

காரணம், அப்பலேச்சியன் நடைபாதை. ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் புறப்பட்டு, 14 மாநிலங்களைக் கடந்து, மெயினில் கடாடின் சிகரம் வரையில் சுமார் 3,500 கிலோமீட்டர் செல்கிறது. 1937-ல் பூர்த்தியானது. மரங்களில் தீட்டிய வெள்ளைக் கோடுகள்தான் வழிகாட்டி. காட்டையும் மேட்டையும் தாண்டி வரும் அந்தப் பாதை டமாஸ்கஸை ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. ஊரின் கடைவீதி வழியாகவே போகிறது!

தெற்கேயிருந்து புறப்பட்டவர்கள் இங்கு வந்து சேருவதற்குள் சுமார் 750 கிலோமீட்டர் நடந்திருப்பார்கள். அழுக்கு உடை, பல நாள் குளிக்காத உடம்பு, முதுகில் மூட்டை! இந்தக் கோலத்தில் வருகிறவரை நாமாயிருந்தால் வாசலிலேயே நிறுத்தி விசாரிப்போம் அல்லவா? இங்கோ குளிக்க வெந்நீர், துணி துவைக்க இடம், வயிறு நிறையச் சாப்பாடு, படுக்கச் சத்திரம் எல்லாம் தயார். 1987 முதல் மே மாதந்தோறும் நடைப்பயணிகளுக்கென்றே திருவிழா நடத்தி வருகிறார்கள். பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். ஊர்வலத்தில் நடப்பவர்கள் மீது வேடிக்கை பார்ப்பவர்கள் தண்ணீரை வாரி இறைப்பது வாடிக்கை!

இவ்வளவு சந்தோஷமான ஊருக்கும் சோதனை வந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் கொண்டுவந்த மழையில் ஓடைகள் பொங்கி ஊருக்குள் புகுந்தன. பழைய ரயில் தடத்தின் மேல் அமைந்த கிரீப்பர் பாதையில், டமாஸ்கஸுக்கு மேலே மலைப் பகுதி முழுவதும் பாலங்களோடு நாசமாயிற்று. அந்தப் பாதையில் சைக்கிள் விட வருகிறவர்களை மலை மேல் கொண்டுபோய் விடுவதும், அவர்களுக்கு வாடகைச் சைக்கிள் கொடுப்பதும் ஊரில் பல குடும்பங்களின் ஜீவனம். வெள்ளம் வாசல் படியோடு நிற்கவில்லை. அடுப்பங்கரை வரையில் எட்டிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அப்படியும் அடுத்த மே மாதம், 2025-ல், திருவிழா நிற்கவில்லை. நடைப்பயணிகள் வந்தார்கள், கடைவீதியில் ஊர்வலம் போனார்கள். எத்தனையோ வருஷமாக ஊர் அவர்களுக்கு இடம் கொடுத்தது. கஷ்ட காலத்தில் அவர்கள் ஊரைக் கைவிடவில்லை.

சகோதரிகளே, பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வசந்த காலமாயிருந்தால் இந்த ஊருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். "இந்த வயதில் மலையேறுவதா?" என்று கேட்காதீர்கள். 1955-ல் எம்மா கேட்வுட் என்ற பாட்டி, 11 குழந்தைகளைப் பெற்று வளர்த்தவள், சாதாரணக் கான்வாஸ் ஜோடுகளைப் போட்டுக்கொண்டு, தானே தைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன்னந்தனியாக இந்தப் பாதை முழுவதையும் நடந்து முடித்தாள். அப்போது அவளுக்கு வயது 67!