அன்னிக்கு வானமும் ஆடுச்சு

செங்கல்பட்டுலேர்ந்து மாமல்லபுரம் போறப்பல்லாம் 2004 டிசம்பர் 26 ஞாபகம் வந்துடும். ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29க்கு சுமத்ரா பக்கம் பூகம்பம்; நம்ம கரையை அலை தொட ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

ஆழ்கடல்ல அந்த அலை அரை மீட்டர் சொச்சம்தாங்க. கப்பல்ல போறவனுக்கே தெரிஞ்சிருக்காது. ஆனா தண்ணீர் எழும்பித் தள்ளின காற்று, மேலே போகப்போக அடர்த்தி குறையறதால, வீச்சு பெருகி அயனி மண்டலத்தையே ஆட்டிடுச்சு. (பெரிய அணுகுண்டு வெடிச்சாலும் இதே கதைதான்.) அந்த ஆட்டம் ஜிபிஎஸ் ரேடியோ அலைகளில் பதிவாகியிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் அப்புறமாத்தான் தோண்டி எடுத்தார்கள். அந்த ரெண்டு மணி நேரத்தில் அதைப் படிக்க ஆளில்லை. கல்பாக்கம் குடியிருப்பிலும் உயிர்கள் போச்சு.

ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007ல்.