பால்கோவா கடாயில் ஒரு கணக்குப் பாடம்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பதினைந்து பிள்ளைகள். பெரும்பாலும் மில் வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள். ஷிஃப்ட் முடித்து வந்து, பிள்ளையை உட்கார வைத்துப் பாடம் சொல்லித்தர யாருக்குத் தெம்பு இருக்கும்? அதனால்தான் என்னிடம் அனுப்புகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். விகிதம், சராசரி என்றாலே தலையைக் குனிந்துகொள்வான். "அவனுக்குப் படிப்பு ஏறல டீச்சர். எட்டாவது முடிஞ்சதும் ஒர்க் ஷாப்புல விட்டுரலாம்னு இருக்கேன்" என்று அவன் அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார்.

அந்தக் காலாண்டு லீவில் பிள்ளைகளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னேன். பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம்தான். "கணக்கு வராத பயலை ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போனா மட்டும் வந்துருமா டீச்சர்?" என்று கேட்டார். ஃபீஸ் கட்டுகிறவர். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. "ஒரு நாள்தானே, அனுப்பி வைங்கண்ணே" என்றேன்.

முதலில் போனது, எனக்குத் தெரிந்தவர்கள் நடத்தும் ஒரு பால்கோவாக் கடையின் அடுப்படிக்கு. 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா அல்லவா? பிள்ளைகள் சாப்பிடத்தான் வந்தார்கள். நான் நோட்டை எடுக்கச் சொன்னேன். பத்து லிட்டர் பால், ஒன்றேகால் கிலோ சர்க்கரை. கிண்டிக்கொண்டே இருந்தால் கடைசியில் ஏறக்குறைய மூன்றரை கிலோ பால்கோவா கிடைக்கும் என்றார் மாஸ்டர்.

"மீதி எங்க போச்சு மிஸ்?"

கேட்டது அந்தப் பையன்தான். பதிலை நான் சொல்லவில்லை. கடாயிலிருந்து எழும்பிய ஆவியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "தண்ணியா இருந்ததெல்லாம் மேல போயிருச்சு" என்றான். அப்புறம் அவனே அடுத்த கேள்விக்குப் போனான். ஏழு கிலோ வேண்டுமானால் எத்தனை லிட்டர் பால்? பேனாவைத் தொடாமலே "இருபது" என்றான். வகுப்பில் பயமுறுத்திய அதே விகிதக் கணக்குதான். இங்கே அதற்கு வாசனையும் சூடும் இருந்தது.

அடுத்து கோயில் ராஜகோபுரம். 192 அடி, 11 நிலைகள். வகுத்துப் பார்த்தார்கள். ஒரு நிலைக்குச் சுமார் பதினேழரை அடி. "ஆனா கீழ இருக்கிறது பெருசாவும் மேல இருக்கிறது சின்னதாவும் இருக்கே?" என்றாள் ஆறாம் வகுப்புச் சிறுமி. சராசரி என்றால் என்ன என்பதை அந்தத் தெருவில் நின்றே பேசி முடித்தோம். எல்லா நிலைக்கும் பொதுவாகச் சொல்லும் எண், எந்த ஒரு நிலைக்கும் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

பிறகு 1875ல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகம். செண்பகத்தோப்புப் பக்கம் வாழும் சாம்பல் நிற அணிலைப் பற்றித் தேடச் சொன்னேன். மரத்துக்கு மரம் தாவியே வாழும் பெரிய அணில் அது. அதற்காகவே 1988ல் இங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. "நடுவுல நாலு மரத்தை வெட்டினா அது எப்படி மிஸ் அந்தப் பக்கம் போகும்?" என்று ஒருத்தி கேட்டாள். காட்டை ஏன் துண்டு துண்டாக்கக் கூடாது என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அந்தப் பையனின் அப்பாவை மாடிக்கு வரச் சொன்னேன். அவர் நூற்பாலைக்காரர். "நூலுக்கு நம்பர் சொல்றீங்களே, அது என்னண்ணே?" என்று கேட்டேன். முதலில் கூச்சப்பட்டார். பிறகு சட்டென்று பேச ஆரம்பித்தார். 840 கெஜம் ஒரு சிட்டா. நாற்பதாம் நம்பர் நூல் என்றால், அப்படி நாற்பது சிட்டா சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை. நம்பர் கூடக் கூட நூல் மெலிந்துகொண்டே போகும். பிள்ளைகள் பெருக்கினார்கள்: 33,600 கெஜம். கிலோமீட்டரில் முப்பதுக்கும் மேலே!

"அரைக் கிலோகூட இல்லாத நூலைப் பிடிச்சுக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டுத் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்குமாப்பா?" என்று கேட்டான் மகன். அப்பா சிரித்தார். அவருக்குத் தெரிந்த வேலைதான் பாடப்புத்தகத்தில் எதிர் விகிதம் என்ற பெயரில் இருக்கிறது என்று காட்டினேன். புத்தகத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. பையன் அந்த அரையாண்டில் கணக்கில் நாற்பத்தெட்டு மார்க்தான் வாங்கினான். ஆனால் ஒர்க் ஷாப் பேச்சை அவன் அப்பா மறுபடி எடுக்கவில்லை. இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கிறான். புரியாததைக் கையைத் தூக்கிக் கேட்கிறான். எனக்கு அது போதும்.

பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவைச் சேர்க்க வேண்டும் என்று 2005ன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொல்கிறது. அதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். இந்த லீவில் பிள்ளையை உங்கள் ஊர் மாவு மில்லுக்கோ, தறிக்கூடத்துக்கோ, கண்மாய் மடைக்கோ கூட்டிப் போங்கள். உங்கள் வேலையிடத்தில் அனுமதித்தால் அங்கேயும்தான். "என்ன பார்த்தே? கட்டுரை எழுது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே வேலை செய்கிறவரிடம் பிள்ளையே ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் வரும்வரை பக்கத்தில் பொறுமையாக நில்லுங்கள்.