உள்ளங்கைக்குப் பின்னால் மலை

"ஒரு இயற்கைக் காட்சி போடு" என்று உங்கள் வீட்டுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவே உதிக்கும் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. எந்த ஊர்க் குழந்தையானாலும் இதே படம்தான். எங்கள் அம்பாசமுத்திரத்தில் மலை மேற்கே இருக்கிறது. சூரியன் அதற்குப் பின்னால் மறையுமே தவிர, ஒரு நாளும் உதித்தது கிடையாது. இருந்தும் எங்கள் பிள்ளைகளின் தாளில் மலை நடுவில்தான் பொழுது விடிகிறது!

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் இல்லை. நான் பள்ளிப் படிப்போடு நின்றவள்தான். ஆனால் கோலமும் படமும் கைவரும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மூன்றாம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் போய் வருகிறேன்.

அங்கே ஒரு சிறுமி தன் வீட்டைத் தாள் முழுக்கப் போட்டு, கூரைக்கு மேலே விரற்கடை அளவுக்கு மலையை எட்டிப் பார்க்க வைத்திருந்தாள். அடுத்த வாரம் பார்த்தால், வீட்டை அழித்து அழித்துத் தாளே கிழிந்திருந்தது. "மலையை விடவா நம்ம வீடு பெரிசுன்னு அப்பா சிரிச்சாங்க டீச்சர்" என்றாள். அதோடு கிரேயானைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கண்ணால் கண்டதைத்தானே போட்டிருந்தாள்?

வகுப்பையே தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனேன். "ஒரு கண்ணை மூடிக்கிட்டு, உள்ளங்கையை மலைக்கு நேரா நீட்டுங்க."

"டீச்சர், மலையைக் காணோம்!" ஒரே கூச்சல். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருப்பதை மறைக்கும் என்று நான் வாய் திறந்து சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "அப்ப எங்க வீடு மறைக்கிறதும் சரிதானே?" என்றாள் அவள்.

பிறகு பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டினோம். முதலில் மலை, அதன்மேல் பனை வரிசை, கடைசியில் வரப்பும் வீடும். பிந்தி ஒட்டியது நமக்குக் கிட்டே வந்துவிடும். பனையின் அடியைக் கொஞ்சம் மேலே ஏற்றி, மரத்தையும் சின்னதாக்கினால் அது தூரத்துக்குப் போய்விடும். சில பிள்ளைகள் எல்லாவற்றையும் தாளின் கீழ் விளிம்பிலேயே வரிசையாக நிறுத்துவார்கள். அதற்காக அதட்ட வேண்டாம். ஏழெட்டு வயதில் அது இயல்பான ஒரு கட்டம் என்று லோவன்ஃபெல்ட் என்ற அறிஞர் 1947-ல் வெளிவந்த தம் நூலில் விளக்கியிருக்கிறார்.

வண்ணத்துக்குச் சொட்டு நீலமே போதும். மூன்று கொட்டாங்கச்சியில் தண்ணீர் விட்டு, ஒன்றில் ஒரு சொட்டு, அடுத்ததில் நாலு, மூன்றாவதில் பத்து. (குடிக்கிற தம்ளரில் கலக்காதீர்கள்!) வெளிறிய நீலம் தொலைவு மலைக்கு, அடர்ந்தது கிட்டத்து மலைக்கு. நடுவே உள்ள காற்று வெயிலில் இருக்கும் நீல ஒளியைச் சிதறடிப்பதால்தான் பச்சை மலை தூரத்தில் நீலமாகிறது. தூரத்து மலை நீலமாகத் தெரிவதை லியோனார்டோ டாவின்சி 500 ஆண்டுகளுக்கு முன்பே குறித்து வைத்திருக்கிறார். சட்டையில் பட்டுவிட்டதே என்று ஓர் அம்மா சண்டைக்கு வந்தார். வெள்ளைச் சட்டைக்கு நாமே போடுகிற நீலம்தானே என்றதும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிறுமி அப்பாவை வாசலில் நிறுத்தி, உள்ளங்கையை நீட்டச் சொன்னாளாம். "ஆமா, மறைக்குதேன்னுட்டாங்க டீச்சர்!" இப்போது வீடு முன்னைவிடப் பெரிது, ஒரு பக்கச் சுவர் தாளுக்கு வெளியிலேயே போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு போட வேண்டுமாம். தாமிரபரணி தூரம் போகப் போக ஒடுங்குவதைப் பாலத்தில் நின்று காட்ட, தலைமை ஆசிரியையிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.