இரும்பு வண்டி

நைட் டியூட்டி முடிச்சு வந்து, அமெரிக்காவுல விலைக்கு வந்திருந்த 1959 செவ்ரோலெ பெல் ஏர் போட்டோவைப் பார்த்துட்டே இருந்தேன். நாலு கதவு ஃபேமிலி கார். பெயின்ட், சீட் எல்லாம் அன்னிக்கு வந்தபடியே. சீட் பெல்ட்டும் இல்ல.

"அந்தக் கால வண்டிதான் டாக்டர் இரும்பு, இப்ப வர்றது தகரம்"னு கேஷுவால்டியில அடிக்கடி கேட்பேன்.

2009-ல இதே மாடலையும் அந்த வருஷத்து மாலிபுவையும் 64 கி.மீ. வேகத்துல மோதவிட்டுச் சோதிச்சாங்க. பெல் ஏர்ல இருந்தது பொம்மையா இல்லாம மனுஷனா இருந்தா, ஸ்பாட்லயே உயிர் போயிருக்கும். மாலிபு டிரைவருக்குக் கால்ல லேசான காயம்தான்.

புது வண்டி முன்னாடி நசுங்கி அடியைத் தான் வாங்கிக்குது. பழசுல ஆள் உட்கார்ற இடமே நசுங்குது.

பார்க்க ஆசைதான். ஆனா என் பொண்ணை அதுல ஏத்தமாட்டேன்.

உங்க வண்டியில பெல்ட் இருக்குல்ல? பின் சீட்லயும் போடுங்க.