பாதாளக் கரண்டி

கிணற்று நீரில் வளர்ந்தவர்களுக்குப் பாதாளக் கரண்டியைத் தெரிந்திருக்கும். உள்ளே விழுந்த வாளியைக் கொக்கி போட்டு இழுக்கும் இரும்புச் சமாசாரம். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. ஒரு சொம்பை அடகு வைத்துவிட்டு வாங்கி வர வேண்டும். அந்த வீடு பூட்டியிருந்தால் அன்றைக்கு வாளி அம்பேல்.

2017-ல் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்த ராத்திரி அந்தக் கரண்டிதான் ஞாபகம் வந்தது. வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர் நல்ல மனிதர். "மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய்ல அடைப்பு சார். தொடை வழியா கதீட்டர் விட்டு அந்த ரத்தக்கட்டியை இழுத்துடலாம். ஆனா அதுக்கு இந்த ஊர்ல ஆள் கிடையாது" என்றார். ஆள் இருந்த ஊர் ஆறு மணி நேரம் தள்ளி. போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. அதன்பின் நான்கு வருடம் இருந்தார். ஒருமுறைகூட என் பெயரைச் சொல்லவில்லை.

நான் பி.காம். கணக்கில்தான் புத்தி போகும். கோடிக்கணக்கில் மெஷின், ஒரு தடவையோடு தூக்கிப் போடும் கருவிகள், பல வருடம் பயிற்சி பெற்ற டாக்டர், ராத்திரி இரண்டு மணிக்கும் தயாராக ஒரு டீம். வசதி குறைந்த தேசத்துக்கு இது கட்டுப்படியாகுமா? ஆகாது என்றே நினைத்திருந்தேன், பிரேசில் கதையைப் படிக்கும்வரை.

இந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்று 2015-ல் ஐந்து ஆய்வுகள் சொல்லிவிட்டன. பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்தவை. 'நம்ம அரசு ஆஸ்பத்திரியில இதெல்லாம் நடக்குமா?' என்று பிரேசில் டாக்டர்கள் பட்டிமன்றம் நடத்தவில்லை. அரசுப் பணத்தில், 12 பொது மருத்துவமனைகளில் செய்தே பார்த்தார்கள். 690 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். பலன் பளிச்சென்று தெரிந்ததால் 221 பேரோடு நிறுத்திவிட்டார்கள். 2020-ல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 20 பேர் மூன்று மாதத்தில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டார்கள். கட்டியையும் இழுத்தவர்களில் 35 பேர்.

அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர் கூடுதலாக. சின்ன எண்ணாகத் தோன்றுகிறதா? பெரியப்பாவைப் பார்த்துக்கொள்ள அண்ணன் வேலையை விட்டார். ஒருவர் படுத்தால் வீட்டில் இரண்டு பேர் கணக்கு முடங்குகிறது. 'கட்டுப்படியாகுமா' என்கிற என் கணக்கில் இந்தச் செலவை நான் எழுதவே இல்லை.

கரண்டியை விலைக்கு வாங்கிவிடலாம். அதைப் போடத் தெரிந்த கையை உருவாக்கத்தான் வருடங்கள் ஆகும். ராத்திரியில் கதவைத் திறக்கவும் ஆள் வேண்டும்.

உங்கள் ஊரில் அந்த வீடு எது? வாளி விழுவதற்கு முன்பே விசாரித்து வைத்துவிடுங்கள்.